மேற்பூச்சும் வரலாற்றுச் சான்றும்: புத்தளக் கரையோரத்துப் பழைய மோட்டார் வண்டிகளை முன்வைத்து ஒரு நோக்கு

வரலாற்றுக்குரிய சான்றுகள் எவை என்று வினவினால், கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஏட்டுச்சுவடி, அரச ஆவணம் என வரிசைப்படுத்தி விடை கூறுவது நமது வழக்கமாகும். மக்கள் அன்றாடம் கையாண்ட பொருள்களும் சான்றுகளே என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. ஆயினும் அப்பொருள்களின் வடிவத்தை நோக்குகின்றோமேயன்றி அவற்றின் மேற்பரப்பை நோக்குகின்றோமில்லை. மங்கினால் துலக்குகின்றோம், வெடித்தால் பூசி மறைக்கின்றோம். அவ்வாறு துலக்கும்போதும் பூசும்போதும் நாம் இழப்பது யாது என்பதைப் பழைய மோட்டார் வண்டியின் தீந்தைப் பூச்சை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுக்களமாகப் புத்தள மாவட்டத்தின் கரையோரம் கொள்ளப்படுகின்றது. பழைய பூச்சைப் பேணுவதற்கு இலங்கையில் இதனினும் கடினமான நிலம் அரிது. இங்கு இயலுமாயின் எங்கும் இயலும்.

கரையின் இயல்பு

சிலாபத்திலிருந்து உடப்பு, புத்தளம், கற்பிட்டி என வடக்கு நோக்கிச் செல்லும் இக்கரை, கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்டது. இலங்கையின் உப்பு உற்பத்தியிற் புத்தளத்து உப்பளங்கள் முக்கிய இடம் வகிப்பன. உப்பு விளைவதற்கு வேண்டிய வெயிலும் காற்றுமே இரும்புக்கும் தீந்தைக்கும் பகைகளாகும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் கடற்றிவலையும் மணலும் ஒருங்கே வந்து மோதுகின்றன.

வெயில் செய்யும் வேலை வேறு. உப்புச் செய்யும் வேலை வேறு. வெயிலின் கழியூதாக் கதிர்கள் தீந்தையின் பிணைபொருளைச் சிதைக்கின்றன. பிணைபொருள் அழிய, நிறப்பொருள் வெளிப்பட்டு விரலிற் சுண்ணாம்புபோல ஒட்டுகின்றது. இது மேலிருந்து கீழ்நோக்கி மெல்ல நிகழும் தேய்வு. உப்போ வெடிப்பின் வழியே உட்புகுந்து, ஈரத்தை ஈர்த்து, தகட்டிற் கறளைத் தோற்றுவிக்கின்றது. கறள் தான் தோன்றிய இரும்பினும் மிகுதியான இடத்தைப் பிடிப்பதால், பூச்சை அடியிலிருந்து தூக்கி உதிர்க்கின்றது. முன்னையது முதுமை, பின்னையது நோய். இவ்வேறுபாட்டை உணராமையாலேயே, முதுமையையும் நோயென்று கருதிச் சுரண்டுவோரும், நோயையும் முதுமையின் அழகென்று கருதி விட்டுவிடுவோரும் உளராகின்றனர்.

பூச்சின் வரலாறு

மோட்டார் வண்டியின் பூச்சுக்குத் தனியான வரலாறுண்டு. தொடக்க காலத்து வண்டிகள் குதிரை வண்டிகளைப் போன்றே எண்ணெய்த் தீந்தையாலும் வாணிசாலும் தூரிகைகொண்டு பூசப்பட்டன. படைபடையாகப் பூசி உலர்த்தி முடிக்க வாரக்கணக்கிற் சென்றது. 1908 முதல் 1927 வரை உற்பத்தியான போர்ட் ‘ரீ’ வகை வண்டி, 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மாத்திரமே விற்பனைக்கு வந்தது. 1920களின் நடுப்பகுதியில் நைத்திரோசெலுலோசுப் பூச்சுக்கள் வழக்குக்கு வந்தபின், வாரங்கள் மணித்தியாலங்களாகச் சுருங்கின, நிறங்களும் பெருகின. அடுத்து வந்த செயற்கை எனாமல்கள் சூளையிற் சூடேற்றி இறுக்கப்பட்டன. ஆகவே ஒரு வண்டியின் அடிப்பூச்சு எவ்வகையினது என்பதை அறிந்தால், அது எந்தத் தொழில்நுட்பக் காலத்துக்குரியது என்பதையும் ஒருவாறு அறியலாம். சுரண்டி எறியப்பட்ட தூளிலிருந்து இதனை அறிதல் இயலாது.

இரண்டு மொறிஸ்கள்

பழையதைப் புதிதாக்குவதா, பழையதாகவே காப்பதா என்ற விவாதம் மோட்டார் வண்டிக்கு முற்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களைத் திருத்தியோர், பிற்காலத்துச் சாந்துகளைச் சுரண்டி நீக்கி, ‘மூல நிலை’ என்று தாம் கருதியதை உருவாக்கினர். இதனை எதிர்த்துக் கவிஞரும் கைவினைஞருமான வில்லியம் மொறிஸ் 1877 இற் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடக்கினார். சுரண்டுதலை எதிர்ப்பது என்னும் பொருள்படும் செல்லப்பெயரும் அச்சங்கத்துக்கு வழங்கிற்று. பின்னாளிற் பொதுவுடைமைவாதியாகவும் விளங்கிய அவருக்கு, தமிழிற் ‘சுரண்டல்’ என்ற சொல் இருமடங்கு பொருந்துவதாகும்.

அதே 1877 இல், அவருடன் உறவேதுமில்லாத இன்னொரு வில்லியம் மொறிஸ் பிறந்தார். பின்னர் நபீல்ட் பிரபு எனப் பெயர்பெற்ற அவரே மொறிஸ் மோட்டார் நிறுவனத்தை அமைத்தவர். 1948 முதல் 1971 வரை உற்பத்தியாகி, பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்டு வெளிவந்த மொறிஸ் மைனர், இலங்கை வீதிகளின் நீங்காத காட்சிகளுள் ஒன்றாயிற்று. முதல் மொறிஸின் கொள்கையை இரண்டாம் மொறிஸின் வண்டிக்குப் பொருத்திப் பார்ப்பதே நாம் மேற்கொள்ளும் பணி எனலாம்.

1903 இல் ஒஸ்திரிய அறிஞர் அலோயிஸ் றீகல், நினைவுச்சின்னங்களின் வரலாற்று மதிப்பு வேறு, அவற்றிற் காலம் பதித்த சுவடுகளால் உண்டாகும் முதுமை மதிப்பு வேறு எனப் பிரித்துக் காட்டினார். 1964 இன் வெனிஸ் சாசனம், கட்டடமொன்றில் எல்லாக் காலத்தாரும் சேர்த்தவற்றை மதித்தல் வேண்டும் என்ற கொள்கையை நிலைநாட்டியது. அதன் வழியில் 2012-2013 காலப்பகுதியிற் பன்னாட்டுப் பழைய வாகனக் கூட்டமைப்பு தூரின் சாசனத்தை ஏற்றுக்கொண்டது. ஒரு வண்டியைப் புதுப்பிப்பதினும் உள்ளவாறு பேணுவதற்கே முதலிடம் தரவேண்டும் என்பது அதன் சாரம். மஜோரே ஏரியின் சுவிற்சர்லாந்துப் பகுதியில் நெடுங்காலம் மூழ்கிக்கிடந்து 2009 இல் மீட்கப்பட்ட 1925 ஆம் ஆண்டுப் புகாட்டி வண்டி, திருத்தப்படாமல் அதே கோலத்தில் ஐக்கிய அமெரிக்காவின் நூதனசாலையொன்றிற் காட்சிக்கு வைக்கப்பட்டமை இக்கொள்கைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

இலங்கை வண்டியின் படைகள்

எனினும் மேலைநாட்டு விவாதத்தை அவ்வாறே இங்கு பெயர்த்து நடுதல் பொருந்தாது. அங்கு பேணப்படுவது பெரும்பாலும் தொழிற்சாலையிற் பூசிய முதற்பூச்சு. இங்கோ அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1960களிலும், 1977 இற் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரையிலும் வண்டி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. இருந்த வண்டியே தொடர்ந்து ஓடவேண்டியதாயிற்று. ஓடவேண்டியது மீண்டும் மீண்டும் பூசப்பட்டது. 1990களில் மொறிஸ் மைனரின் உறுப்புக்களை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பும் முயற்சியும் நிகழ்ந்தது. பழையதை வாழவைக்கும் கைத்திறன் இந்நாட்டில் எவ்வளவு ஊன்றியிருந்தது என்பதற்கு அதுவே சான்று. 2020 மார்ச்சில் மீண்டும் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே திறக்கப்பட்டது. அவ்விடைக்காலத்திலும் பழைய வண்டிகளின் மதிப்பு உயர்ந்தது.

ஆகவே 1955 இல் வந்திறங்கிய ஒரு மைனரை நாம் கற்பனை செய்து கொண்டால், அதன் கதவோரத்திற் பூச்சு உதிர்ந்த இடத்தில் மரத்தின் ஆண்டு வளையங்களைப் போலப் பல நிறங்கள் தோன்றுதல் இயல்பே. அடியிற் சூளையில் இறுகிய எனாமல். அதன்மேற் கராஜிற் தெளித்த பூச்சு. அதற்கும் மேலே, கிடைத்த தீந்தையைக் கொண்டு கையாற் பூசிய ஒட்டுக்கள். ‘தொழிற்சாலையிலிருந்து வந்தவாறே’ இதனைப் புதுப்பித்தால், இங்கிலாந்தின் ஒரு நாளை மீட்கின்றோம். இலங்கையின் எழுபது ஆண்டுகளை அழிக்கின்றோம்.

தகடும் தாரும்

வண்டியின் மேற்பரப்பு வெறும் அழகுப் பொருளன்று என்பதைத் தமிழ் பேசும் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1957 க்கு முன்னர் இலங்கை வண்டிகளின் இலக்கத் தகடுகளில், ‘சிலோன்’ என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துக்களிலிருந்து எடுத்த ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. போன்ற ஈரெழுத்துத் தொடர்கள் இடம்பெற்றன. 1956 இன் அரசகரும மொழிச் சட்டத்தைத் தொடர்ந்து, 1957 தொடக்கம் புதிய வண்டிகளுக்குச் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து விதிக்கப்பட்டது. தமிழரசுக் கட்சியினர் அதற்குப் பதிலாகத் தமிழ் ‘ஸ்ரீ’யைப் பொறித்து எதிர்ப்பு இயக்கம் நடத்தினர். 1958 இல் அரசுடைமையான பஸ்கள் சிங்கள எழுத்துடன் வடக்குக்கு வந்தபோது அவ்வெழுத்தின்மீது தார் பூசப்பட்டது. தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மீது தார் பூசப்பட்டது. அவ்வாண்டு ஏப்பிரலிற் பண்டாரநாயக்கா-செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் வன்செயல் வெடித்தது.

ஒரு எழுத்தின்மீது பூசிய பூச்சு நாட்டின் வரலாற்றைத் திருப்பியதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. அக்காலத்து வண்டியொன்றின் தகட்டில், பின்னர் எழுதிய இலக்கத்தின் அடியில் முந்திய எழுத்தின் நிழல் தெரியுமாயின், அது நூலகத்து ஆவணத்துக்கு இணையானது. அதனைத் துலக்கி ஒளிரச் செய்பவர், தம்மை அறியாமலே ஓர் ஆவணத்தைக் கிழிப்பவராவர்.

இக்கரையில் இதன் பொருள் இன்னும் ஆழமானது. ‘சிலோன் கசற்றியர்’ (1834), ‘தமிழ் புளூட்டாக்’ (1859) ஆகியவற்றை எழுதிய சைமன் காசிச்செட்டி கற்பிட்டியிற் பிறந்தவர். இருந்தவற்றைப் பதிந்துவைத்தல் இம்மண்ணுக்குரிய மரபென்றே கூறலாம். மறுபுறம், 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெருந்தொகையினர் வந்து தங்கியதும் புத்தளத்திலேயாகும். வீட்டையும் வாகனத்தையும் உடைமைகளையும் விட்டுவந்தோர் வாழும் கரையில், எஞ்சிய பழம்பொருளொன்றின் தழும்பு எத்துணை அரிய சான்று என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

பேணும் முறை

கொள்கை மாத்திரம் பூச்சைக் காக்காது, முறையும் வேண்டும். முதலாவது, எதனையும் தொடுமுன் எல்லாப் பக்கங்களையும் பகலொளியிற் படம்பிடித்து, எழுத்து, இலக்கம், ஒட்டு என்பவற்றைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். இரண்டாவது, உப்பை நீக்குதல். கரையோரக் கிணற்றுநீர் பல இடங்களில் உவர்ப்புடையதாகையால் மழைநீரே உகந்தது. மென்மையான பருத்தித் துணியே போதுமானது. அரத்தாளும், தேய்த்து ஒளியேற்றும் பசையும், விசையுடன் பீச்சும் நீரும் தவிர்க்கப்பட வேண்டியவை.

மூன்றாவது, கறளை நிறுத்துதல். கதவின் அடியிலும் தளத்தின் ஓரத்திலும் நீர்வடியும் துளைகள் அடைபடாதிருத்தல் வேண்டும். வெளித்தெரியாத இடத்து வெறுந்தகட்டுக்குத் தனின் கரைசல் பூசலாம். தனின் கறளுடன் சேர்ந்து கருநிறமான நிலையான சேர்வையைத் தரும். நைலோன் வருமுன் பருத்தி வலைகளுக்குப் பனிச்சங்காய்ச் சாறு ஏற்றிய மீனவர், இதே தனினின் பயனை வேறொரு தேவைக்கு அறிந்திருந்தனர். ஆனால் வெளித்தெரியும் இடத்தில் அது நிறத்தை மாற்றிவிடுமாதலால் அங்கு மெழுகே ஏற்றது. 1950களிற் பிரித்தானிய நூதனசாலையில் உருவான நுண்பளிங்கு மெழுகு இதற்கு உகந்தது. மெல்லியதாகப் பூசலாம், வேண்டாதபோது நீக்கவும் இயலும். ஆளிவிதை எண்ணெய் முதலில் அழகு தந்தாலும், நாளடைவில் மஞ்சளித்துத் தூசியைப் பிடித்து, நீக்க முடியாதபடி இறுகிவிடும்.

நான்காவது, ஒளிபுகும் கடினமான மேற்பூச்சைத் தவிர்த்தல். கற்பிட்டிக் கோட்டை இதற்குத் தக்க ஒப்புமை தருகின்றது. 1667 முதல் 1676 வரை ஒல்லாந்தராற் கட்டப்பட்ட அக்கோட்டையின் சுவர்கள் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. இத்தகைய சுவருக்குச் சுண்ணச்சாந்து பூசினால் ஈரம் வெளியேறும். சீமெந்து பூசினால் உப்பும் ஈரமும் உள்ளே சிறைப்பட்டுக் கல்லையே அரிக்கும். கறளின்மேற் பூசும் ஒளிபுகு பூச்சும் அத்தகையதே. இறுதியாக நிழல்: ஈரத்தை அடைத்துவைக்கும் பிளாஸ்ரிக் விரிப்பினும், காற்றோட்டமுள்ள கிடுகுக் கொட்டில் எவ்வளவோ மேலானது.

ஒரு மறுப்பு

‘வறியவன் பூசமுடியாமல் விட்ட பூச்சை அழகென்று கூறுவது வசதி படைத்தோரின் விளையாட்டன்றோ?’ என்று வினவலாம். வினா நியாயமானது. வண்டியைக் கொண்டு பிழைப்பவர் அதற்குப் புதுப்பூச்சுப் பூசினால் எவரும் குறைகூறுதல் தகாது. அவர் செய்வதும் முன்னைய படைகளின்மேல் இன்னொரு படையைச் சேர்ப்பதேயாகும், அதுவும் வரலாறே. நாம் மறுப்பது பூசுதலையன்று, அடிவரை சுரண்டுதலை. அவர் மறைவான ஓரிடத்தில், ஒரு சாண் அளவில், எல்லாப் படைகளையும் தீண்டாமல் விட்டால் போதும். அச்சிறு சாளரத்தின் வழியே பின்வருவோர் முழு வரலாற்றையும் காண்பர்.

சட்டத்தின் துணையை இங்கு எதிர்பார்த்தல் இயலாது. 1940 இன் தொல்பொருட் கட்டளைச்சட்டம் முதலில் வகுத்த எல்லை 1815 மார்ச் 2 ஆகும். பின்வந்த திருத்தங்களைக் கொண்டு நோக்கினும் 1950களின் மோட்டார் வண்டி அதனுள் அடங்காது. எனவே இப்பொறுப்பு உரிமையாளரையும் கராஜ்த் தொழிலாளரையும் வரலாறு கற்கும் நம்மையும் சார்ந்ததாகின்றது.

முடிவுரை

பழைய பூச்சைப் பேணுவது காலத்தை நிறுத்தும் முயற்சியன்று. நோயை நிறுத்தி முதுமையை மதிக்கும் முயற்சியாகும். இந்நாட்டிலே எழுத்தின்மீது எழுத்தும், பெயரின்மீது பெயரும் பூசப்பட்டுள்ளன. அவ்வாறு பூசப்பட்டவற்றின் அடியில் இருப்பது யாதென அறிவதே வரலாற்று மாணவரின் தொழில். புத்தளத்து உப்புக்காற்றில் மங்கிநிற்கும் ஒரு வண்டியின் கதவோரம் அதற்கொரு பயிற்சிக்களமாகும். படிக்கக் கற்குமுன் அதனைச் சுரண்டாதிருப்போமாக.