சுகர் இறங்கினா போதுமா? பூனைக்கும் 1922 சொல்லும் பாடம்

1/ பூனைக்கும் சுகர் வரும். இன்சுலின் குறைஞ்சா செல்லுக்குள்ள சர்க்கரை போகாது. உடம்பு கொழுப்பை எரிக்கும், கீட்டோன் சேரும், ரத்தம் அமிலமாகும். உயிருக்கே ஆபத்து.

2/ 1889. மின்கோவ்ஸ்கியும் வான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றினார்கள். அதற்கு நீரிழிவு வந்தது. நோயின் வேர் கணையத்தில் இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

3/ 1922 ஜனவரி 11, டொராண்டோ. 14 வயது லியோனார்ட் தாம்ப்சனுக்கு பான்டிங், பெஸ்ட் தயாரித்த கணையச் சாறு ஊசியாகப் போடப்பட்டது. ரத்த சர்க்கரை 440-லிருந்து 320-க்கு இறங்கியது. ஆனா கீட்டோன் அசையவே இல்லை! ஊசியை நிறுத்திவிட்டார்கள்.

4/ காலிப் அந்தச் சாறைச் சுத்திகரித்தார். ஜனவரி 23-இல் மறுபடி ஊசி. இந்த முறை சிறுநீரில் கீட்டோன் மறைந்தது. பையன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

5/ அந்த இன்சுலின் மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்தது. பூனையின் இன்சுலினுக்கும் அதற்கும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வித்தியாசம்.

6/ பாடமும் ஒன்றுதான். சுகர் நம்பர் இறங்கினா மட்டும் போதாது, கீட்டோனும் போகணும். சுகர் உள்ள பூனை சாப்பிடலையா, வாந்தியா, சோர்வா? சிறுநீர் ஸ்ட்ரிப்பில் கீட்டோன் காட்டுதா? நாளைக்குப் பார்க்கலாம்னு இருக்காதீங்க. உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிட்டு ஓடுங்க. ட்ரிப்ஸ், இன்சுலின், பொட்டாசியம் கண்காணிப்பு எல்லாம் அங்கேதான் நடக்கும்.