முதுசமும் தேட்டமும்

யாழ்ப்பாண அரசு 1619ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் கைப்பட்டது. ஈற்றரசனான சங்கிலி குமாரன் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே கொல்லப்பட்டான். வாளும் வேலும் வைத்திருந்தோர் அவற்றை இழந்தனர், முடி போயிற்று, கோயில்கள் இடிபட்டன. ஆயினும் தகப்பன் வழிக் காணி எவரைச் சேரும், தாய் வழிக் காணி எவரைச் சேரும் என்னும் வழக்கு மாத்திரம் குடிகளிடமே நின்றுவிட்டது. ஆயுதபலம் இல்லாத ஒரு மக்கள் கூட்டத்தார் எதனைத் தமதென்று பற்றிக்கொண்டிருந்தனர் என்பதை அறிய விரும்பும் இளைஞர்கள் தேசவழமையைத்தான் முதலிற் பார்க்க வேண்டும்.

1658இல் போர்த்துக்கேயரை வென்ற ஒல்லாந்தர், குடிகளின் வழக்குகளைத் தீர்க்க முடியாமல் இடர்ப்பட்டனர். முப்பத்தேழு ஆண்டுகள் இங்கே வாழ்ந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் என்பார், தேசாதிபதி சைமன்ஸின் கட்டளைப்படி வழமைகளைத் திரட்டி 1707 சனவரியில் ஒப்புவித்தார். தமிழில் மொழிபெயர்க்கப்பட்ட அதனைப் பன்னிரண்டு முதலியார்கள் பார்வையிட்டு ஒப்பினர். அந்நியர் எழுதிய நூலாயினும் உள்ளே பேசுவது நம் ஊர்தான். எனினும் பன்னிருவரும் முதலியார்களே என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்நூல் சொல்லும் உடைமை மூவகை: முதுசம், சீதனம், தேடியதேட்டம். பழைய முறைப்படி தகப்பனின் முதுசம் ஆண்மக்களைச் சேர்ந்தது; தாயின் சீதனம் பெண்மக்களுக்குச் சீதனமாய் இறங்கியது; இல்லறத்திலே இருவரும் தேடியது இருபாலாருக்கும் உரியதாயிற்று. போர்த்துக்கேயர் காலத்தில் இவ்வரம்பு தளர்ந்து, எவ்வகைச் சொத்திலிருந்தும் சீதனம் கொடுக்கும் வழக்கம் வந்ததென்று நூலே கூறுகிறது. ஆகவே 'ஆதிமுதல் மாறாத வழமை' என்று மேடைகளிலே நாம் பேசுவது முற்றும் பொருந்தாது.

விற்பனையைப் பற்றிய விதிகளே எமக்கு மிகவும் சுவையானவை. காணியை விற்க நினைத்தவன் முதலில் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் அயற்காணிக்காரருக்கும் அறிவித்தல் வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் அவ்வறிவித்தல் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்திலே வாசிக்கப்பட்டது. வீட்டிலே திருநீறு பூசிய நம் முன்னோர், காணி விலைப்படுவதைக் கேட்கவாவது அங்கே காதைக் கொடுத்திருப்பர்! ஒற்றி வைப்பதற்கும் அங்கே விதி உண்டு. பணம் கொடுத்தவன் வட்டிக்குப் பதிலாக விளைவை எடுத்துக்கொள்வான். எல்லையோரத்து மரம் அயலான் நிலத்தின்மேற் சாய்ந்தால் காய் யாருக்கு என்பதும், பிறன் நிலத்தில் தென்னை நட்டவனுக்கு எவ்வளவு பங்கு என்பதும் அங்கே பேசப்படுகின்றன. நிலம் ஒருவனுடையதாகவும் மரத்திலே பங்கு இன்னொருவனுடையதாகவும் இருக்கலாம். இன்றும் நம் உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும் தனியே எழுதப்படுவதைக் காண்கிறோம். இவ்வகை உடைமையிலே தனியொருவன் முழு எசமான் அல்லன். உறவும் அயலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தன.

இத்தனை நுட்பமாக மரத்தின் காயைப் பங்கிட்ட அதே நூல், மனிதரையும் ஆதனமாக எண்ணிற்று. நான்கு சாதியாரை அடிமைகளென்று பெயர் சொல்லி வகுத்தது. ஒருவனுடைய அடிமை ஆணும் வேறொருவனுடைய அடிமைப் பெண்ணும் மணந்தால், பிறக்கும் பிள்ளைகள் பெண்ணின் எசமானுக்கே உரியவர்கள் என்றது. பசுவின் கன்று பசுக்காரனுக்கு என்பதுபோலவே இது. இப்பகுதியை நம் பெரியோர் பலர் மெல்லக் கடந்துபோவதை நாம் கண்டிருக்கிறோம். வழமையைப் புகழ்வோர் இதனையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது. ஆனால் விடுதலை பெற்றவர் கையிலே உறுதி எதுவும் கொடுக்கப்படவில்லை. பலர் பழைய எசமானின் வளவிலேயே குடியிருந்தனர். எழும்பு என்றால் எழும்ப வேண்டிய நிலை.

ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் பிரமாணத்தால் தேசவழமைக்கு முழு வலிமை கொடுத்தனர். 1911ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணின் சொத்தைத் தனிச் சொத்தென ஏற்றது. ஆயினும் தன் காணியை அவள் விற்பதற்குக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டுமென விதித்தது. சீதன உறுதியிலே பெயர் அவளுடையது, பேனை அவனுடையது! நூற்றாண்டு கடந்தும் இவ்விதி சட்டப் புத்தகத்தில் நின்றது. 1947இல் வந்த சட்டம் அயற்காணிக்காரனின் முன்கொள்ளும் உரிமையை நீக்கிப் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் மட்டும் அதனை நிறுத்தியது.

ஆயுதமும் காணியும் மீண்டும் எதிர்ப்பட்ட காலத்தை நம் தலைமுறையே கண்டது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்கள், உறுதிகளைப் பைகளிலே காத்துக்கொண்டு பல்லாண்டுகள் தம் வளவுக்குள் கால்வைக்க முடியாதிருந்தன. சில பகுதிகள் விடுவிக்கப்பட்டபோது உள்ளே சென்றோர் பலருக்கு வேலியும் இல்லை, வீடும் இல்லை. பழைய கிணற்றுக் கட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து அடி அளந்து, இது அண்ணன் பங்கு, இது எங்கள் பங்கு என்று எல்லை குறித்தவர்கள் இன்றும் நம் நடுவே இருக்கின்றனர்.