வீட்டதிபதியும் வான்கணிதமும்

பிறப்புக் குறிப்பின் பன்னிரு பகுதிகளை அரபு வானநூலார் 'புயூத்' என்றனர். வீடுகள் என்பதே அதன் பொருள்; நம் நாட்டுச் சோதிடரும் அவ்வாறே வழங்குவர். வீட்டின் முனை எந்த இராசியில் விழுகின்றதோ, அவ்விராசிக்குரிய கோளே அவ்வீட்டின் அதிபதி.

முதல் வீட்டின் முனை கீழ்வானில் எழும் பாகை. பத்தாம் வீட்டினது உச்சிக்கோட்டைத் தொடும் பாகை. இவ்விரண்டும் வானில் உள்ளவை. உஸ்துர்லாபினால் அளந்தறியத் தக்கவை. இடைப்பட்ட முனைகளோ மனிதர் வகுத்தவை! இராசிக்கொரு வீடென்றனர் சிலர். வேறு சிலர், உதயப் பாகை உச்சிக்கோட்டை அடையும் காலத்தை மூன்றாகப் பகுத்தனர். பத்தாம் நூற்றாண்டில் ஸைஃபுத் தவ்லாவின் ஆதரவு பெற்ற அல்கபீஸியின் பெயரை ஐரோப்பியர் இம்முறைக்குச் சூட்டினர். முறையோ அவருக்கும் முந்தியது.

முறை மாறின் முனை நகரும். மேடத்தின் இறுதிப் பாகையில் நின்றது இடபத்துள் புகுந்துவிடும். செவ்வாய் ஆண்ட வீட்டைச் சுக்கிரன் ஆள்வான். பிறந்த குழந்தை ஒன்றே; பலன்கள் இரண்டு.

பேரறிஞர் அல்பிரூனி இதனை நன்கறிந்தவர். 1029-இல் ரைஹானா என்னும் பெண்மணிக்காக அவர் யாத்த 'அத்தஃப்ஹீம்' கணிதம், வானியல், உஸ்துர்லாப் ஆகியவற்றை முற்கூறிய பின்னரே சோதிடத்தைத் தொடுகின்றது. வீடுகளையும் அதிபதிகளையும் ஒளிவின்றி விளக்கியவர், அக்கலையில் தமக்குள்ள நம்பிக்கை மிகச் சிறிதென்பதையும் மறைத்தாரில்லை. அந்நூலுக்கு நான்காண்டு முன்னர், 1025-இல், இதே வான்கோளக் கணிதத்தைக் கொண்டே கஸ்னா நகரின் கிப்லாத் திசையை வெவ்வேறு வழிகளில் அவர் கணித்திருந்தார். அங்கே வழிகள் பலவாயினும் நாடிய திசை ஒன்றே.