பயனர் சுயவிவரம் (விண்டோஸ்)

ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும்போது, அவரவர் திரைத் தோற்றத்தை அவரவர் கணக்கோடு சேர்த்து வைக்கும் ஏற்பாடு. பேச்சுவழக்கில் யூசர் புரொஃபைல். அப்பா பெரிய எழுத்திலும் மகள் கறுப்புப் பின்னணியிலும் வேலை பார்க்கலாம். ஒருவர் மாற்றியது மற்றவர் கண்ணில் படாது.

1995இல் வந்த விண்டோஸ் 95இல் இது விருப்பத் தேர்வாகவே இருந்தது. யாரும் இயக்காவிட்டால் எல்லாருக்கும் ஒரே பின்னணிப் படம்தான். விண்டோஸ் என்டி வழிவந்த பதிப்புகளில் (இன்றைய விண்டோஸ் உட்பட) ஒவ்வொருவர் கோப்புறையிலும் என்டியூசர்.டாட் என்ற மறைகோப்பு உண்டு. கடவுச்சொல் கொடுத்து உள்ளே நுழைந்ததும் அது, அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரி என்ற தரவுத்தளத்தில் ஏறிக்கொள்ள, பின்னணி, வண்ணம், மவுஸ் அம்பின் உருவம் எல்லாம் அவருடையதாகிவிடும்.

பலரும் குழம்புவது இங்கேதான்: எல்லா அமைப்பும் இப்படிப் பிரிவதில்லை. திரைத் தெளிவுத்திறன் கணினிக்கே பொது. ஒருவர் 1920×1080ஐ 1280×720 ஆக்கினால் அடுத்து நுழைபவருக்கும் அதுவே. எழுத்தும் சின்னங்களும் எவ்வளவு பெரிதாகத் தெரியவேண்டும் என்ற அளவிடலோ, விண்டோஸ் விஸ்டா வரை பொதுவாக இருந்து, 2009இல் வெளியான விண்டோஸ் 7 முதல் பயனருக்கு உரியதானது. கண் மங்கியவருக்காகத் தெளிவுத்திறனைக் குறைப்பது வீடுகளில் வழக்கம். அது தவறான வைத்தியம். எழுத்தும் கலங்கும், மற்றவர்களுக்கும் தொல்லை. அவர் கணக்கில் அளவிடலை 125 அல்லது 150 விழுக்காடாக உயர்த்தினால் போதும்.