பசுமைக்குடில் கணப்பு அடுப்பு

குளிர்நாடுகளில் கண்ணாடிக்குடில் செடிகளை உறைபனியிலிருந்து காக்க, விறகு முதலியவற்றை எரித்துச் சூடேற்றும் அமைப்பு. இலண்டன் செல்சி மூலிகைத் தோட்டத்தில் 1685இல் ஆங்கில நாட்குறிப்பாளர் ஜான் ஈவ்லின் பார்த்த அடுப்பு, குடிலுக்கு அடியில், செங்கல் வளைவுகளுக்குக் கீழே எரிந்தது. கடும்பனியிலும் கதவு சன்னல்களைத் திறந்து வைக்கலாம் என்று நாட்குறிப்பில் வியந்திருக்கிறார். சற்று மிகையாகவே படுகிறது.

நெருப்பைவிடப் புகைதான் தொல்லை. அரைகுறையாக எரியும் விறகின் எத்திலீன் வாயு சிறிது கசிந்தாலும் தக்காளி இலைகள் கீழ்நோக்கி வளையும், பூக்கள் உதிரும். ஆகவே அடுப்பு வாயை வெளியே வைத்து, புகைப்பாதையைத் தரைக்கடியிலோ சுவருக்குள்ளோ கொண்டுசென்றனர். செங்கல் உள்வாங்கிய சூடு, தணல் அவிந்த பின்னும் விடியும்வரை மெல்ல வெளிப்படும். ஈர விறகு ஆகாது: புகைபோக்கியில் பிசின் படிந்து தீப்பற்றும். 19ஆம் நூற்றாண்டில் பெரிய குடில்கள் வெந்நீர்க் குழாய்களுக்கு மாறின.