ஏலத்துக்குக் கட்டிய கூரை

பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்கு வரும் சாலையில், இஞ்சிவிளையைத் தாண்டியதும் மாநிலம் மாறிவிடுகிறது. ஆனால் தென்னையும் பனையும் இரு பக்கமும் ஒன்றுதான். பாளை சீவி, கலயம் கட்டி, திளாப்பு போட்டு மரமேறும் முறையும் ஒன்றுதான். 1956 நவம்பர் 1 வரை நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் ஒரே ஆட்சியின் அடுத்தடுத்த தாலுகாக்கள். இன்று கேரளப் பக்கம் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் ‘கள்ளு’ என்று எழுதிய ஷாப் உரிமத்தோடு நடக்கிறது. தமிழகப் பக்கம் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கடையே கிடையாது. மரமும் தொழிலும் ஒன்றாக இருந்தும் கடை ஒரு பக்கம் மட்டும் இருக்கிறதென்றால், அதை உண்டாக்குவதும் இல்லாமலாக்குவதும் சட்டம்தான். கடை இருக்கலாமா என்பதைத் தீர்மானிக்கும் சட்டம், அதன் கூரையும் சுவரும் எப்படி இருக்கவேண்டும் என்பதையும் சேர்த்தே தீர்மானித்துவிட்டது என்பது என் கருத்து.

தெற்குக் கேரளத்தின் பழைய கள்ளு ஷாப்பைப் பாருங்கள். ஓலையோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட கூரை, இடுப்பளவுச் சுவர், அதன்மேல் தட்டி. உள்ளே ஆளுயரத் தடுப்பு வைத்த சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மேசை, இரண்டு பெஞ்சு. பின்னால் அடுப்பு, அங்கே வேகும் மரச்சீனியும் எரிவு ஏறிய மீன்கறியும்தான் கடையின் நிஜமான பெருமை. கட்டடம் என்று சொல்லத் தயங்கவைக்கும் இந்தக் கொட்டகைக்குப் பக்கத்தில் லண்டன் ஹோல்பர்னில் உள்ள ‘பிரின்சஸ் லூயிஸ்’ பப்பை வைத்துப் பார்த்தால் வேறுபாடு திகைக்க வைக்கும். 1891இல் செய்த அதன் உள்வேலைப்பாட்டில் வண்ண ஓடுகள், செதுக்கிய மரம், பூவேலை செய்த கண்ணாடி என எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் அங்கேயும் தடுப்பு போட்ட சிறு அறைகள்தான். குடிப்பவர்களைத் தனித்தனியே பிரித்து உட்கார வைக்கவேண்டும் என்ற எண்ணம் இரண்டுக்கும் பொது. ஒன்று மரத்திலும் கண்ணாடியிலும் நிலைக்க, மற்றொன்று ஏன் தட்டியிலேயே நின்றுபோனது?

வறுமையும் வெப்பமும்தான் காரணம் என்பார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. இந்தப் பகுதிகளை முன்பு ஆண்ட திருவிதாங்கூர் அரசு, வழிப்போக்கர் தங்கக் கல்லில் வழியம்பலங்களை எழுப்பியது. தலைச்சுமையை இறக்கிவைக்கச் சாலையோரம் சுமைதாங்கிக் கல் நட்டது. பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலை இந்த எல்லையிலிருந்து வெகுதூரமில்லை. கைத்திறனுக்குப் பஞ்சமில்லை, மதுவிற்பனைக் குத்தகை (அப்காரி) எடுத்தவர்களிடம் பணத்துக்கும் பஞ்சமில்லை. பஞ்சம் இருந்தது உறுதிக்குத்தான். 20ஆம் நூற்றாண்டில் நெடுங்காலம் கடை உரிமம் ஏலத்தில் போனது. இந்த ஆண்டு எடுத்தவர் அடுத்த ஆண்டு தோற்கலாம். ஏலம் கைமாறினால் கடையே வேறு புரயிடத்துக்குப் போய்விடும். அப்படிப்பட்டவர் எதற்காகக் கல் சுவர் எழுப்புவார்?

இங்கிலாந்திலும் உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கத்தானே வேண்டியிருந்தது என்று கேட்டால், நியாயமான கேள்விதான். புதுப்பிக்க மறுக்க நீதிபதிகளுக்கு அதிகாரம் உண்டு என்று பிரபுக்கள் சபையே 1891இல், ஷார்ப்–வேக்ஃபீல்டு வழக்கில் உறுதி செய்தது. ஆனால் நடைமுறையில் உரிமம் கடை நடக்கும் வீட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தேவைக்கு மிஞ்சிய கடை என்று மூடினால் இழப்பீடு தரவேண்டும் என்று 1904ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுமளவுக்கு அது சொத்தாகிவிட்டது. இதைவிட வலுவான சான்றும் அந்த நாட்டிலேயே இருக்கிறது. 1830இல் வந்த பீர் சட்டப்படி, வரி கட்டும் வீட்டுக்காரர் யாரும் இரண்டு கினி செலுத்தி பீர் விற்கலாம். ஆறே மாதத்தில் 24,000க்கு மேற்பட்டோர் உரிமம் எடுத்தார்கள். அந்தக் கடைகளில் பெரும்பாலானவை சாதாரண வீடுகளின் முன்னறைகள், அலங்காரம் ஏதுமில்லை. 1869இல் அவை மீண்டும் நீதிபதிகளின் பிடிக்குள் வந்தன. உரிமம் அரிதாகி அதன் விலை ஏற, பீர் ஆலைகள் போட்டி போட்டுப் பப்களை வாங்கிப் பணத்தைக் கொட்டின. இன்று ‘மரபான ஆங்கிலப் பப்’ என்று உலகம் கொண்டாடும் உருவத்தில் பெரும்பகுதி அந்தச் சில பத்தாண்டுகளின் முதலீடுதான்.

சரக்கின் தன்மையும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பீரைக் குளிர்ந்த நிலவறையில் வைத்துப் பக்குவப்படுத்த வேண்டும். அதனால் பப்புக்கு நிலவறையும், அங்கிருந்து மேலே இழுக்கும் கைப்பம்பும், பம்பைப் பொருத்தக் கவுண்டரும் வந்தன. கள்ளோ காலையிலும் மாலையிலும் மரத்திலிருந்து இறங்குவது, ஓரிரு நாளில் காடியாகிவிடும். அதற்குக் கிடங்கு வேண்டாம். ஆனால் கிடங்கு வேண்டாம் என்பதால் நல்ல கூரையும் வேண்டாம் என்று ஆகிவிடாது. இன்று தெற்குக் கேரளத்துக் கடைகளுக்குக் கள்ளின் பெரும்பங்கு பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து வண்டியில் வருகிறது. சரக்கு வரும் வழி இவ்வளவு மாறியும் கொட்டகை நெடுங்காலம் மாறவில்லையே.

இன்னொரு மறுப்பை லேசாகத் தள்ள முடியாது. இந்த மண்ணில் கள்ளுக்கடை அவமானத்தின் இடமாகவும், வீட்டுப் பெண்கள் வயிறெரியும் இடமாகவும் இருந்தது. நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் அருவிப்புறத்தில் 1888இல் சிவனைப் பிரதிஷ்டை செய்த ஸ்ரீ நாராயண குரு, கள்ளிறக்குவதைத் தொழிலாகச் சுமத்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். மதுவைச் செய்யவும் கொடுக்கவும் குடிக்கவும் கூடாது என்று பின்னாளில் அறிவுறுத்தினார். அந்தக் குரலின் நியாயத்தை நான் மதிக்கிறேன். குடிப்பவர் வெளியே தெரியாதபடி கட்டிய தட்டியில் அந்த வெட்கமும் இருக்கிறது. ஆனால் வெட்கம் விக்டோரியா காலத்து இங்கிலாந்திலும் இருந்தது; பப் ஜன்னலின் பூவேலைக் கண்ணாடி தெருவிலிருந்து பார்ப்பவரின் கண்ணை மறைக்கவும்தான். நாளைக்கும் இந்த இடம் தன்னிடம் இருக்கும் என்று நம்பியவர் கண்ணாடியால் மறைத்தார், நம்ப வழியில்லாதவர் ஓலையால் மறைத்தார்.

2002இல் வந்த புதிய விதிகள் ஏலத்தை நிறுத்தின. அதன் பிறகு கேரளத்தில் பல ஷாப்கள் ஓடு வேய்ந்து, தரை போட்டு, குடும்பத்தோடு வந்து சாப்பிடுவோருக்குத் தனியறை கட்டியிருக்கின்றன. இந்த மாற்றத்துக்குச் சுற்றுலாவும் ஒரு காரணம்தான். என்றாலும், கள்ளுக்கடையைத் திறக்கச் சொல்லித் தமிழகத்தில் போராடும் விவசாயிகள், திறப்பதா வேண்டாமா என்பதோடு உரிமத்தை எந்த முறையில், எத்தனை ஆண்டுக்குத் தருவது என்ற கேள்வியையும் எழுப்பினால் நல்லது.