எழுந்து நடமாடும் நோயாளி

இரைப்பைக்குப் பின்னே, முதுகெலும்பை ஒட்டி மறைந்து கிடக்கும் கணையத்தில் புற்றுநோய் கண்டால், அது பெரும்பாலும் சஸ்திர வைத்தியரின் கத்திக்கு எட்டாத நிலையை அடைந்த பின்னரே வெளிப்படுகிறபடியால், அந்த நோயாளியின் எஞ்சிய காலம் மருந்தை நம்பியே கழிய வேண்டியதாயிற்று. அந்த மருந்தும் சொற்பமே. 1957-இல் சார்லஸ் ஹைடல்பெர்கர் உலகுக்கு அளித்த ஃபுளூரோயுராசிலைத்தான் வைத்தியர்கள் பல தசாப்தங்கள் நம்பியிருந்தார்கள்.

மருந்துகளின் கதையைக் காட்டிலும், மருந்தை ஏற்கும் மனிதனை அளக்கத் துணிந்த கதையே எனக்கு ருசிகரமாகப் படுகிறது. விஷவாயு ஆராய்ச்சியிலிருந்து பிறந்த நைட்ரஜன் மஸ்டர்டை நுரையீரல் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த டேவிட் கார்னோஃப்ஸ்கியும் அவருடைய சகாக்களும், கட்டி சுருங்கிற்றா என்று பார்ப்பதோடு நில்லாமல், இம்மனிதன் தன் வேலையைத் தானே செய்துகொள்கிறானா, பிறர் தயவு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்றெல்லாம் விசாரித்து, குறையொன்றும் இல்லாதவனுக்கு 100, தன்னைத் தானே கவனித்துக்கொண்டாலும் தொழிலுக்குப் போக இயலாதவனுக்கு 70, மரணத்துக்குப் பூஜ்யம் என்று 1948-இல் ஓர் அளவுகோலை வகுத்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார் பரீட்சைக்கு மதிப்பெண் போடுவது போன்ற இக்காரியம் அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் பிற்காலத்தில் நோயாளியின் ஆயுளை முன்கூட்டி ஊகிப்பதற்கு இதைப்போல் உதவியவை வெகு சில.

முதலில் வைரஸ் நோய்க்கென்று கருதப்பட்டு, பிறகு புற்றுநோய்க்குத் திரும்பிய ஜெம்சிடபினை 126 கணைய நோயாளிகளிடம் பரீட்சித்து 1997-இல் வெளியிட்ட ஆய்வில், வலியின் கடுமை, வலி தணிக்க விழுங்கும் மருந்தின் அளவு, கார்னோஃப்ஸ்கி மதிப்பெண், உடல் எடை ஆகியவற்றைச் சேர்த்துக் கணித்த சுகமே பிரதான லட்சியமாக வைக்கப்பட்டது. புதிய மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 23.8 பேரும், பழைய ஃபுளூரோயுராசிலைப் பெற்றவர்களில் 4.8 பேரும் அந்தச் சுகத்தை அடைந்தார்கள். ஓராண்டு கடந்து பிழைத்திருந்தோர் முறையே நூற்றுக்கு 18, 2.

2011-இல் பிரான்சு தேசத்து வைத்தியர்கள் ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற கூட்டு மருந்தை 342 பேர் கொண்ட ஆய்வில் ஜெம்சிடபினோடு ஒப்பிட்டு, நடுநிலை ஆயுள் 6.8 மாதத்திலிருந்து 11.1 மாதமாக உயர்ந்ததைக் காட்டியபோது, ஆயுளைக் குறைத்த காரணங்களையும் பிரித்தெடுத்தார்கள்: 65 வயதைத் தாண்டியிருத்தல், ரத்தத்தில் ஆல்புமின் குன்றியிருத்தல், ஈரலுக்கு நோய் பரவியிருத்தல், நோயைக் கண்டறிந்தபோதே அது பிற உறுப்புகளிலும் பரவியிருத்தல். நடமாட்டத்தின் மதிப்பெண் இவற்றுள் இல்லையே என்று கேட்கலாம். நல்ல நடமாட்டம் உள்ளவர்களையே அந்த ஆய்வில் சேர்த்துக்கொண்டதால், அந்தச் சல்லடை வாசலிலேயே தன் வேலையை முடித்துவிட்டது. பாதி நாளைப் படுக்கையில் கழிப்பவருக்கு இன்றும் பழைய ஜெம்சிடபினைத் தனியே கொடுப்பதா, வலி தணிக்கும் சிகிச்சையோடு நின்றுவிடுவதா என்பதை வைத்தியர் கட்டிலருகே நின்றுதான் தீர்மானிக்கிறார்.